புளியங்கொட்டை விழாத மூடி

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முகத்துக்கு முன்னால் வலது கட்டைவிரல்தான் வந்து நிற்கிறது. நுனி தட்டை. நகம் குட்டை. உள்பக்கம் ஒரு ஓரத்தில் தோல் காய்த்துப்போய், தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். பத்து வயதிலிருந்து விதைக்கடலை உடைத்த விரல் அது. விதைக்கு எடுக்கிற கடலையைக் கல்லில் தட்டக் கூடாது. பருப்பின் மூக்கு ஒடிந்தால் முளைக்காது. ஓட்டின் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். ஓடு விரிய வேண்டும், உள்ளே பருப்பின் சிவப்புத் தோலில் ஒரு கீறல் விழக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை படி உடைப்பாய் என்று ஒரு முறை கேட்டேன். "ஒடைச்சு முடிச்சு அளந்து பாத்தா சொல்றேன்" என்றாள்.

எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். பாத்தா சொல்றேன். மழை வருமா? பாத்தா சொல்றேன். மூன்று மணி பஸ் போய்விட்டதா? ரோட்டில் போய் நின்று பார்த்தால்தானே சொல்ல முடியும். கூட வேலை செய்த பெண்கள் இதைச் சொல்லியே அவளைப் படுத்துவார்கள். "ஏண்டி, ஒன் புருசன் பேரு என்னா?" என்று ஒருத்தி கேட்பாள். "வூட்டுக்குப் போயி பாத்துட்டு வந்து சொல்லுவா" என்று இன்னொருத்தி முடிப்பாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மாற மட்டும் மாட்டாள்.

அது எழுபதுகளின் கடைசி. பெரம்பலூருக்குப் பக்கத்தில், கரிசல் மண்ணில், ஒரு சின்னப் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை. தாவரவியல் படித்துவிட்டு, ஆராய்ச்சி உதவியாளர் என்ற பெரிய பட்டத்தோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஓடு வேய்ந்த ஓர் அறை, ஒற்றைக் கண்ணால் பார்க்கிற ஒரு நுண்ணோக்கி, இரண்டு அலமாரி. இதுதான் லேப். எனக்கு இருபத்தெட்டு வயது. அவளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும்; பிறந்த வருஷத்தைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம், தினக் கூலிக்கு வந்தவள். என்னை 'டீச்சரம்மா' என்றாள், நான் யாருக்கும் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. நான் அவளை 'நீ' என்றேன். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே படவில்லை. இப்போதாவது 'அவர்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். படித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வேலை இரண்டு பருத்திகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பது. நாட்டுப் பருத்தி வறட்சி தாங்கும், பூச்சிக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது, இழை மட்டும் குட்டை. அமெரிக்கப் பருத்திக்கு இழை நீளம், உடம்பு நோஞ்சான். இரண்டின் நல்ல குணத்தையும் ஒரே செடியில் கொண்டுவர முடியுமா என்பது திட்டம். சாயங்காலம் பெண்கள் வரிசையாகப் போய், மறுநாள் மலரப் போகிற மொட்டில் ஆண் பாகத்தை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டுக் காகித உறை மாட்டுவார்கள். மறுநாள் காலையில் மற்றப் பருத்தியின் மகரந்தத்தைத் தடவிச் சிவப்பு நூல் கட்டுவார்கள். நூற்றுக்கணக்கான பூவுக்குத் தடவினால் நாலைந்து விதை நிற்கும். அந்த விதைகளிலிருந்து வந்த செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன, பூவாகப் பூத்தன, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. மலட்டுப் பாத்தி என்று பண்ணையில் அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

ஏன் மலடு என்பதை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம்கள் நூல் துணுக்குகள் மாதிரி இருக்கின்றன. செடியின் குணமெல்லாம் அவற்றில்தான். நாட்டுப் பருத்திக்கு இருபத்தாறு, அமெரிக்கப் பருத்திக்கு ஐம்பத்திரண்டு. பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி வரும். பதின்மூன்றும் இருபத்தாறும் சேர்ந்து முப்பத்தொன்பது. பூவில் மகரந்தம் உண்டாகும்போது இவை ஜோடி சேர்ந்து நின்று, பிறகு சமமாகப் பிரிய வேண்டும். எங்கள் செடியில் பதின்மூன்று ஜோடி சேர்ந்தது. பாக்கிப் பதின்மூன்று துணை இல்லாமல் தனியாக நின்றது. தனியாக நிற்பவை கண்ட பக்கம் போய்விழும். மகரந்தம் பொக்காகிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைக் கண்ணால் பார்ப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பையைக் கண்ணாடித் துண்டில் வைத்து, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடி, ஒற்றுத்தாளை வைத்து, கட்டைவிரலால் ஒரே ஓர் அழுத்து. குறைவாக அழுத்தினால் எல்லாம் குவியலாகக் கிடக்கும். கூட அழுத்தினால் உயிரணு வெடித்துவிடும். விரல் மயிரிழை நகர்ந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். கல்லூரியில் நான் கெட்டிக்காரி. பெரம்பலூருக்கு வந்த பிறகு என் விரலுக்கு என்ன கேடு வந்ததோ தெரியவில்லை. ஒரு நாள் காலையிலேயே ஆறாவது சில்லை உடைத்துவிட்டு, வாயில் வந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். மொட்டுச் சீசாவோடு வாசலில் நின்றவள் அதைக் கேட்டுவிட்டாள்.

"கடலை ஒடைக்கிற மாதிரிதானே டீச்சரம்மா? நான் வேணா ஒருக்கா அமுக்கிப் பாக்கட்டுங்களா?"

உடைந்தது ஏழாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். அவள் விரலை வைத்தாள், மூச்சை நிறுத்தினாள், எடுத்தாள். நான் குனிந்து பார்த்தேன். வாசலில் கோலப்பொடியைத் தூவின மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பரந்து கிடந்தது. எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை. அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அன்று மதியம் முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் நானே வயலுக்குப் போய், களை வெட்டிக்கொண்டிருந்தவள் கையிலிருந்த களைக்கொட்டை வாங்கி வைத்துவிட்டு அவளை லேபுக்குக் கூட்டிவந்தேன்.

பார்க்கவும் கற்றுக்கொண்டாள். எண்ணுவதற்கு அவளே ஒரு வழி வைத்திருந்தாள். நுண்ணோக்கியில் கண்ணை எடுக்காமல், மேஜைமேல் இரண்டு டப்பா மூடிகளை வைத்துக்கொள்வாள். ஜோடியாக ஒன்றைப் பார்த்தால் இடது மூடியில் ஒரு பருத்திக்கொட்டை. தனியாக நின்றால் வலது மூடியில் ஒரு புளியங்கொட்டை. பார்த்து முடித்த பிறகுதான் கொட்டைகளை எண்ணுவோம். நான் தாளில் கோடு போட்டு எண்ணிப் பலமுறை தப்பவிட்டிருக்கிறேன். அவள் மூடி தப்பியதில்லை.

"இந்தப் பதிமூணு பேரும் பாவம்மா" என்றாள் ஒரு நாள், கண்ணை எடுக்காமலேயே. "கல்யாண வூட்டுல வந்துட்டு யாரு பக்கத்துல ஒக்காறதுன்னு தெரியாம நிக்கிறாங்க."

நான் நான்கு வருஷம் படித்ததை அவள் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அதை நோட்டில் எழுதிவைத்தேன். யாரிடமிருந்து வந்தது என்று எழுதவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் ஒரு முறை வந்தார். பெரிய படிப்பு, பெரிய பேச்சு. பண்ணை அதிகாரி அவருக்குக் காட்ட நல்ல ஸ்லைடாக ஒன்று எடுக்கச் சொன்னார். அவள் பார்த்தாள். பருத்திக்கொட்டை பதின்மூன்று விழுந்தது. புளியங்கொட்டை பன்னிரண்டோடு நின்றுவிட்டது. "பதிமூணும் பதிமூணும்தானேம்மா?" என்று பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் பின்னால் நின்று அதிகாரி அவளைப் பார்த்துத் தலையாட்டு தலையாட்டு என்கிறார். நானும் அவள் காலை மிதித்தேன்.

"ஒண்ணு அடியில மறைஞ்சு கெடக்கும்ங்க. கெடக்கும்தான். ஆனா நான் பாக்கலைங்க."

பெரியவருக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, காப்பி வந்தது. அவர் போன பிறகு அதிகாரி என்னைத்தான் பிடித்துக்கொண்டார். கைநாட்டு வைக்கிறவளை எல்லாம் நுண்ணோக்கியில் உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்த வருஷம் அவள் ஊரில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தாள். மூன்று மாதத்தில் பேர் எழுதக் கற்றுவிட்டாள். வருகைப் பட்டியலில் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினாள் பாருங்கள், எழுத்துக்கு எழுத்து மூச்சை நிறுத்தி, சில்லை அழுத்துகிற அதே முகத்தோடு எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அதற்கடுத்த பூப்பருவத்தில்தான் அது நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். லேபுக்குள் ஓடிவந்து கட்டைவிரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். விரல் நுனியில் மஞ்சள்.

"மலட்டுப் பாத்தியிலம்மா. தொட்டேன், ஒட்டுது."

மலட்டுச் செடியின் மகரந்தப் பை வெடிக்காது. தொட்டால் ஒன்றும் ஒட்டாது. "தேனீ எங்கிருந்தாவது கொண்டுவந்து பூசியிருக்கும்" என்றேன். "இருக்கலாம். ஆனா பூவும் பெருசும்மா. எலை தடிப்பா இருக்கு. அடையாளத்துக்குக் கயிறு கட்டிட்டு வந்திருக்கேன், நீங்களே பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பாத்தியின் நடுவில் ஒரு செடி. அதில் அவள் கட்டியிருந்தது பண்ணையின் சிவப்பு நூல் இல்லை, மஞ்சள் கயிறு. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்தபோது மணிக்கட்டில் கட்டிக்கொண்டது. கோயில் திறக்கிற திங்கள், வெள்ளி என்றால் எங்கள் பண்ணையில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். நான் அந்தச் செடியில் கைக்கு எட்டின மொட்டுகளைப் பறித்துவந்து, பதப்படுத்தி, மறுநாள் பார்த்தேன். பதின்மூன்று ஜோடி. பதின்மூன்று தனி. பழைய கதை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள், கொட்டை போட்டாள், ஒப்புக்கொண்டாள். ஆனால் முகம் தெளியவில்லை. "விரலுல ஒட்டுச்சேம்மா" என்றாள். நான் பதிவேட்டில் மலடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அதிகாரி, சனிக்கிழமையே பாத்தியைப் பிடுங்கிவிட்டு அடுத்த விதைப்புக்குத் தயார் பண்ணச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை நான் அரியலூரில் இருந்தேன். பெரம்பலூருக்கு ரயில் இல்லை; லேபுக்கு வரும் அமிலச் சீசாக்கள் அரியலூர் ஸ்டேஷனில்தான் இறங்கும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் வந்து, தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு மதியம் பண்ணையில் இறங்கினேன். மலட்டுப் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு செடி நின்றது. அதைச் சுற்றிப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி கத்திக்கொண்டிருந்தார்.

"புடுங்குன்னா புடுங்க வேண்டியதுதானே? என்னா வந்துச்சு ஒங்களுக்கு?"

"ஆத்தா கயிறு கட்டியிருக்குங்க சார்" என்றாள் அந்தக் கூட்டத்தில் மூத்தவள். "கைய வச்சுட்டு நாளைக்குப் புள்ளக்குட்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்குறது? நீங்க வேணா புடுங்குங்க."

அதிகாரியும் சிறுவாச்சூர் போகிறவர்தான். கையைச் செடிப் பக்கம் கொண்டுபோகவில்லை. "இது பண்ணையா, நந்தவனமா? யாரு கட்டுனது?" என்றார்.

அவள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும். அந்தச் செடியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். என் ஜாடையை அவள் எந்த நாளில் மதித்திருக்கிறாள்?

"நாந்தான் சார் கட்டுனேன். சாமிக்குன்னு கட்டலைங்க. அடையாளத்துக்கு. அன்னைக்குக் கையில வேற நூலு இல்ல."

"அப்ப புடுங்கலாமாடி?" என்றாள் மூத்தவள்.

"சாமி குத்தம்னு ஒண்ணும் இல்லக்கா. ஆனா புடுங்காதீங்க. இதுல மகரந்தம் வந்துச்சு. நான் பாத்தேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க மலடுன்னு எழுதியிருக்கீங்க. இவ இல்லங்கறா. யாரை நம்பச் சொல்றீங்க?" அவரே முடிவு சொன்னார். "செவ்வாக்கிழமை சாயங்காலம் வரைக்கும் விடறேன். எண்ணி என் கண்ணுல காட்டணும். காட்டலேன்னா செடியும் இருக்காது, இவளும் லேபுக்குள்ள இருக்க மாட்டா. களைக்கொட்டை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போயிடணும்."

எல்லாரும் கலைந்த பிறகு நான் அவளைத் திட்டினேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். அவள் திருப்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க மொட்டு எங்கேருந்தும்மா எடுத்தீங்க?"

"நீ கயிறு கட்டின செடியிலிருந்துதான்."

"நான் செடியில எங்கம்மா கட்டுனேன்? கெளையில கட்டுனேன்."

போய் நின்று பார்த்தேன். கயிறு தண்டில் இல்லை. தலைக்கு மேலே இருந்த ஒரு பக்கக் கிளையின் அடியில் இருந்தது. அந்தக் கிளையின் இலை மட்டும் தடித்துக் கரும்பச்சையாக இருந்தது. பூவும் மற்றவற்றைவிட ஒரு சுற்றுப் பெரியது. ஒரே செடியில் இரண்டு விதமான கிளை. நான் சோம்பேறித்தனமாகக் கீழ்க்கிளையில் பறித்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். படித்தவள் பார்த்த லட்சணம் அது.

அந்தக் கிளையில் சரியான அளவில் எட்டே எட்டு மொட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வந்து பறித்தோம், சாராயமும் அமிலமும் கலந்த சீசாவில் போட்டோம். மொட்டு சரியான பருவத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான். முந்தினாலும் பிந்தினாலும் ஜோடிகளைப் பார்க்க முடியாது. திங்கட்கிழமை நான்கு மொட்டைப் பிரித்தோம். இரண்டு பிஞ்சு. ஒன்று முற்றிப்போனது. நான்காவதை நான்தான் அழுத்தினேன், என் கணக்கை நானே தீர்க்க வேண்டும் என்ற வீறாப்பில். சில்லு உடைந்தது. அதற்குப் பிறகு அவள் நாற்காலியை நான் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் மூன்று போய்விட்டது. ஒன்று மிச்சம். அதிகாரி வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அவள் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். கட்டைவிரலை ஒற்றுத்தாள்மேல் வைத்தாள். மூச்சை நிறுத்தினாள். எடுத்தாள். கண்ணை நுண்ணோக்கியில் வைத்தாள். கை தானாக மூடிகளைத் தடவிப் பார்த்து இடமும் வலமும் வைத்துக்கொண்டது.

இடது மூடியில் டக்கென்று ஒரு பருத்திக்கொட்டை. இன்னொன்று. இன்னொன்று. நான் வலது மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வந்தது. பதினான்கு வந்தது. இருபது, இருபத்தைந்து. சில இடங்களில் நான்கு நான்காகக் கூடி நின்றவற்றை அவள் நின்று நிதானித்து இரண்டு ஜோடியாகப் போட்டாள். முப்பது. வலது மூடியில் ஒரு புளியங்கொட்டை விழவில்லை.

கண்ணை எடுத்தாள். "தனியா ஒண்ணுமே நிக்கலம்மா. எல்லாத்துக்கும் தொணை வந்துடுச்சு" என்றாள்.

மூடியைக் கவிழ்த்து எண்ணினோம். முப்பத்தொன்பது. வாசலிலிருந்து அதிகாரி, "முப்பத்தொன்பதா? அதுதான் பழைய கணக்காச்சே" என்றார். "முப்பத்தொன்பது சோடிங்க சார். எழுவத்தெட்டு" என்றாள். அவர் உட்கார்ந்தார். எண்ணினார், நடுவில் விட்டுவிட்டார், மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவை தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துவிட்டு, அவளுடைய இரண்டு மூடிகளையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எண்ணி முடித்துத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "செடிக்கு வேலி போடச் சொல்லுங்க" என்றார். போகிறபோது திரும்பி, "அந்தக் கயிறு அப்படியே இருக்கட்டும்" என்றார்.

என்ன நடந்திருந்தது என்றால், அந்தக் கிளை துளிர்த்தபோது ஏதோ ஓர் உயிரணு, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல், தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி வைத்துக்கொண்டுவிட்டது. துணை இல்லாமல் நின்ற ஒவ்வொன்றுக்கும் தன்னைப் போலவே ஒரு துணை. அதனால் மகரந்தம் வந்தது. அந்தக் கிளையில் காய் பிடித்தது, விதை வந்தது, அந்த விதைகள் முளைத்தன, அவையும் தங்களுக்குள் காய்த்தன. தாய் தகப்பன் இரண்டோடும் ஒட்டாத, தன் காலில் நிற்கிற ஒரு செடி. அதைப் புது இனம் என்று சொல்லலாமா என்று பெரியவர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். இழை எதிர்பார்த்த நீளம் வரவில்லை, ஆகையால் உழவர் வயலுக்கு அது போகவே இல்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் இருந்த அறைக்கு வெளியே, நூறு அடி தூரத்தில், ஒரே பருவத்தில் அது நடந்தது. பார்த்துச் சொன்னவள் எங்கள் பண்ணைக் கூலிக்காரி. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

அந்த ஸ்லைடை நிரந்தரமாக்கி வைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்துகொண்டே அவளிடம் சொன்னேன், அமெரிக்கப் பருத்தியும் இப்படிப் பிறந்ததுதான் என்று. மனிதர் யாரும் பருத்தி விதைக்காத காலத்தில், எங்கேயோ இரண்டு பருத்திகள் கூடி, துணை இல்லாமல் நின்று, பிறகு இரட்டித்து, ஐம்பத்திரண்டாகி, உலகம் பூராவும் போய்விட்டது என்று.

"அதை யாரு பாத்தா?" என்றாள்.

"யாரும் பார்க்கவில்லை. பிற்பாடு எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தது."

ஜன்னல் வழியாக அந்த ஒற்றைச் செடியைப் பார்த்தாள். கயிறு வெளுத்துப்போயிருந்தது. "அதைப் பாக்க ஆளு இல்ல" என்றாள். "இதை நான் பாத்தேன்."

ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டும் காகிதத்தில், செடியின் எண்ணுக்குக் கீழே, தயாரித்தவர் பெயர் எழுத ஓர் இடம் உண்டு. அதுவரை எல்லாவற்றிலும் என் பெயரைத்தான் எழுதியிருந்தேன். பேனாவை அவளிடம் நீட்டினேன். "நீ போடு. உனக்குத்தான் கையெழுத்து வருமே."

பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள். "கையெழுத்து, வேலைக்கு வந்தேன்னு பட்டியல்ல போடறதுக்கும்மா. இதைச் செஞ்சது இந்த விரலு" என்றாள். சிவப்புச் சாயச் சீசாவின் மூடியைத் திறந்து, கட்டைவிரலை நனைத்து, மூச்சை நிறுத்தி, அந்தச் சின்னக் காகிதத்தில் ஒரே ஓர் அழுத்து அழுத்தினாள்.

ரேகை ஒன்றுகூடக் கலையவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.